தம்பி நீட்டிய படம்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. உன் சுரங்க சைட் அறையில் தங்கியிருக்கும், பாறைக்கு வெடி வைக்கிற மேடத்திடம்கூட வேண்டாம். நீ கெஞ்சல் பூச்சி என்று கூப்பிடும் நான் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். படித்ததும் கிழித்துப்போடு, மனசு வரவில்லையென்றால் உன் சைட் ஷூவுக்குள் ஒளித்து வை, அந்த நாற்றத்துக்கு அதற்குள் எவரும் கையை விடமாட்டார்கள். இங்கே அம்மா, அப்பா, தம்பி, நான், நாய் மேனேஜர் ஐந்து பேரும் நலம். மலையைக் குடைகிற தூசியில் நின்றாலும் நீ இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதோடு வந்திருக்கும் பெரிய கடிதம் வழக்கம்போல் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, நாள் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடித்துவிட்டு வந்தால் அவள் மணிக்கட்டுக்குப் பேனா பிடிக்கத் தெம்பு இருப்பதில்லை. அதில் அவள் மூச்சு விடாமல் சந்தோஷப்பட்டிருக்கிறாள், எல்லாம் உண்மைதான், ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் நான் செய்த ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உனக்கு சிக்னல் கிடைத்துப் போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வதால் சொல்ல வழியே இல்லை. பார்சல் காலையில் உங்கள் சைட் டிரைவரிடம் போகிறது, அதற்குள் உன் ஸ்வெட்டர் மடிப்பில் இதைச் செருகிவிடுவேன். வெளிச்சம் தெரியக்கூடாது என்று மேஜை விளக்கின்மேல் துண்டைப் போட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

முதலில் சந்தோஷத்தைச் சொல்கிறேன், இல்லையென்றால் நெஞ்சு வெடித்துவிடும். தம்பி கேட்டான் அக்கா! இந்த எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனாகவே வந்து ஒன்றைக் கேட்டான்! சமையலறைக் கதவில் மாட்டிய கார்டு பலகை உனக்கு நினைவிருக்கும், தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வெளியே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், வேண்டியதை எடுத்து நம் கையில் கொடுக்க வேண்டும் என்று பயிற்சி நிலையத்துக் கார்டு டீச்சர் மூன்று வருஷமாக அவனைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். நாம் கையைப் பிடித்து எடுக்க வைத்தால் எடுப்பான், பிடியை விட்டால் கார்டு தரையில் கிடக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு இது நாளாகும், அவசரப்படாதீங்க என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார், அம்மாவும் சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவுவாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா மேனேஜரை அதன் ஆறாத கழுத்துப் புண்ணுக்கு மருந்து போட பஸ் டெப்போ பக்கத்தில் இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். தம்பி எழுந்து பார்த்தால் காலடியில் நாய் இல்லை. இதோ சுவரில் தலையை மோதிக்கொள்வான் என்று அம்மா தலையணையோடு தயாராக நின்றாள். அவன் மோதவில்லை அக்கா. நேராக என் அறைக்குள் போனான், எதையோ கிழிக்கிற சத்தம் கேட்டது, வெளியே வந்து அம்மாவின் உள்ளங்கையை விரித்து ஒரு படத்தை வைத்தான். நாயின் படம். வைத்துவிட்டு அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக அவனே மடக்கினான். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அப்பாவுக்குப் போன் போட்டு, பேச வராமல் விக்கி விக்கி அழ, யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அப்பா “யாரு, யாருன்னு சொல்லேன்டி” என்று அந்தப் பக்கம் கத்த, கடைசியில் அம்மா “ஏங்க, நாய் வேணுமாம்ங்க, உங்க புள்ள கேக்கறான்ங்க” என்று சொன்னதும் அப்பா போனை வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார், பாதி மருந்து போட்ட நாயை மடியில் வைத்துக்கொண்டு, “எங்கடா என் பெரிய ஆபீசர், இந்தாடா உன் மேனேஜர்” என்று மாடிப்படியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

நாய் வந்த கதையை அம்மா உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். அப்பாவின் டெப்போவில் பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு குழி இருக்கிறதே, அதற்குள் மூன்று நாளாக ஒரு நாய் கிடந்திருக்கிறது. கழுத்தில் யாரோ இறுக்கிய கம்பி சதைக்குள்ளேயே போயிருந்தது. யார் கிட்டே போனாலும் உறுமியதாம். நாய், பூனை என்று வாயெடுத்தாலே நம்மைத் துரத்துகிற அப்பா, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு குழிக்குள் இறங்கி அதன் முன்னால் உட்கார்ந்து பாதியைத் தான் தின்று பாதியை அதற்கு வைத்திருக்கிறார், இரண்டு நாள் இப்படிச் செய்து மூன்றாம் நாள் கம்பியை வெட்டினாராம். ஒரு ராத்திரிக்கு மட்டும்தான் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார், இதோ நாலு மாதம் ஆகிறது. வாசலுக்கு நேரே உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று முறைத்துப் பார்ப்பதால் அப்பாதான் டெப்போ மேனேஜர் என்று பேர் வைத்தார். நாம் தொட்டாலே கத்துகிற தம்பி அதைப் பார்க்கக்கூட இல்லை, அதுவும் அவனைப் பார்க்கவில்லை, இரண்டும் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வாரம் இருந்தன. பிறகு ஒருநாள் குக்கர் விசில் சத்தத்துக்கு அவன் சுவரில் தலையை மோத ஆரம்பித்தான், நான் ஓடுவதற்குள் அது போய் அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் உடம்பைச் செருகிக்கொண்டு நின்றது. அவன் மோதினான். அது நகரவில்லை, முனகக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் மோதுவதை நிறுத்திவிட்டு அதன் விலாவில் காதை வைத்துக்கொண்டான், என்ன கேட்டதோ, அரை மணி நேரம் அப்படியே இருந்தான். இப்போது அவன் நெற்றியில் வீக்கம் இல்லை அக்கா, நீ வந்தால் அடையாளம் தெரியாது. ராத்திரி அது அவன் கால்மேல் குறுக்கே படுத்தால்தான் தூங்குகிறான், தூங்குகிறான் என்றால் ஏழு மணி நேரம்! அம்மாவே சந்தேகப்பட்டு மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். அவன் மாறிவிட்டான் என்று நினைக்காதே, அதே பச்சைத் தட்டு, அதே வரிசையில் செருப்பு, எல்லாம் அப்படியேதான். அவனுக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இனி என் திருட்டு. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று நீ யோசித்திருப்பாய். நான் எடுத்து பிரிண்ட் போட்டு வைத்தது என்று அம்மா நினைக்கிறாள். என் கன்னத்தைக் கிள்ளி “வாயாடிக்கு இவ்ளோ பொறுப்பு எப்படி வந்துச்சு” என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறாள். நான் எடுக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூட பஸ் நிறுத்தத்துச் சுவரில் வெயிலில் வெளுத்த ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காணவில்லை என்று மேலே, கீழே நம் மேனேஜர், இடது காதில் அதே வெட்டு, பக்கத்தில் தரையில் சாவிக்கொத்து. கீழே அதன் பேரும் ஒரு போன் நம்பரும். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கிழித்து பூகோளப் புத்தகத்தில் வைத்துக்கொண்டேன். வேறு நாயாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒருவரும் இல்லாதபோது அந்தப் பேரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டேன். துள்ளி எழுந்தது அக்கா. வாசலுக்கு ஓடிக் கதவை முகர்ந்து, திரும்பி என்னைப் பார்த்து, மறுபடி கதவை முகர்ந்தது. அந்தப் பேரை அதற்குப் பிறகு நான் வாயால் சொல்லவில்லை, இங்கே எழுதவும் பயமாக இருக்கிறது. அந்த நோட்டீஸைத்தான் தம்பி எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்து, செவ்வாய்க்கிழமை படத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போய் அம்மா கையில் வைத்தான். எழுத்தும் நம்பரும் இருக்கிற மிச்சத் துண்டு என் புத்தகத்திலேயே இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்பாய். அப்பாவை உனக்குத் தெரியாதா, பஸ்ஸில் யாரோ விட்டுப்போன குடையைக் கொடுக்க இரண்டு பஸ் மாறிப் போன ஆள். சொன்ன அன்று சாயங்காலமே நாயைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, மாடியில் தனியாக உட்கார்ந்து அழுவார். தம்பிக்கு நாம் என்ன சொல்லிப் புரியவைப்பது? நாய் போன பிறகும் அவன் அந்தப் படத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் வைத்து விரலை மடக்குவான். கேட்டால் கிடைக்கும் என்று மூன்று வருஷமாக நாம்தானே சொல்லிக்கொடுத்தோம். முதல் தடவை கேட்டதையே எடுத்துக்கொண்டோம் என்றால் இனி எதையாவது கேட்பானா? இதை நினைத்து நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு மத்தியானம் எல்லாம் கைமீறிவிட்டது. அம்மா அந்தப் படத்தைப் பயிற்சி நிலையத்துக்கு எடுத்துப் போனாள், நானும் கூடப் போனேன். கார்டு டீச்சர் குதிக்காத குறை, படத்துக்கு உடனே பிளாஸ்டிக் உறை போட்டு வந்த பெற்றோர்களுக்கெல்லாம் காட்டினார். அதில் ஒரு அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இது மார்க்கெட் முனையில சாவி வெட்டறவர் கடை நாய் மாதிரில்ல இருக்கு, அவர் இன்னும் தேடிட்டுல்ல திரியறாரு” என்றார். நான் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரித்துவிட்டு, “கடை நாய் மாதிரி எங்க மேனேஜருக்குத் தொப்பை கிடையாதுங்க, அவரு உழைப்பாளி” என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள், சாவிக்கொத்து இருக்கிற மூலையில் என் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டே வந்தேன்.

இவ்வளவு எழுதிவிட்டு உன்னிடம் ஒன்றை மறைப்பது சரியில்லை. சாப்பிட்ட பிறகு அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்த நம்பருக்குப் போன் செய்தேன். அவர் கோபக்காரராக, கழுத்தில் கம்பி கட்டுகிறவராக இருந்தால் நல்லது, நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் செய்தேன். ஒரு ஆண் குரல் ஹலோ என்றது. நானும் ஹலோ என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தேன். அவர் வைக்கவில்லை, “நாயைப் பத்தியாம்மா?” என்றார். நான் ம் என்றேன். யார், எங்கே, எத்தனை நாளாக என்றெல்லாம் கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். “சாப்பிடுதாம்மா?” என்றார். அதற்கும் ம் என்றேன். “கடையைத் திறந்து வச்சிட்டு டீ குடிக்கப் போனேன், எவனோ கம்பியைக் கட்டி இழுத்துட்டுப் போயிட்டானாம்” என்று சொல்லிவிட்டு அதன் பேரைச் சொன்னார். நான் வைத்துவிட்டேன். அவர் திருப்பி அழைத்தார், போனையே அணைத்துவிட்டேன். இப்போது அது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன் என்று கேட்கத்தான் இந்தத் தாளை எடுத்தேன். ஆனால் எழுத எழுத ஒன்று தோன்றுகிறது அக்கா. தம்பி அந்தப் படத்தை அம்மாவிடம் நீட்டினான், அம்மா பாலைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். சாவிக்காரரும் அதே படத்தைத்தான் நாலு மாதமாகப் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைக் கிழித்து பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். உன் பதில் வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை அவரைக் காக்க வைக்க என்னால் முடியாது.

போனை மறுபடி ஆன் செய்துவிட்டேன். நம் வீட்டு நம்பர், தெரு, மூன்றாவது மாடி எல்லாம் எழுதி, நாய் நன்றாக இருக்கிறது, என் தம்பி அதன் விலாவில் காதை வைத்துக்கொண்டுதான் அமைதியாகிறான், பேசமாட்டான், அவனைப் பார்த்த பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள் என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பியதை மூன்று தடவை எடுத்துப் படித்துவிட்டேன், பயமாக இருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு மூலையில் குதிக்கவும் தோன்றுகிறது, சாப்பிடுதா என்று கேட்கிற ஒரு மனிதர் தம்பியைப் பார்த்துவிட்டுச் சும்மா கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாரா? போகவும் செய்யலாம், அது அவருடைய நாய். காலையில் அப்பா பல் தேய்த்து வந்ததும் எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுவேன், அடித்தால் வாங்கிக்கொள்வேன், அவர் அழுதால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா தன் கடிதத்தில் மூன்று தடவை ஆசீர்வாதம் சொல்லிவிட்டாள், நான் சின்னவள், எனக்கு அந்த உரிமை இல்லை, நீதான் எனக்குச் சொல்ல வேண்டும், இந்தத் தடவை நிறையச் சொல். தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு போட்டோ எடுக்காதே, அம்மா பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஸ்வெட்டரின் இடது கை கொஞ்சம் நீளம், மடித்துப் போட்டுக்கொள். இப்படிக்கு உன்

ஐயோ, போன் அடிக்கிறது. அவர்தான். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன், வீடு முழுக்கக் கேட்கிறது, மேனேஜர் குரைக்கிறது. அம்மா கதவைத் தட்டுகிறாள், “என் போன் அங்க என்னடி பண்ணுது, யாருடி இந்த நேரத்துல” என்கிறாள். அப்பாவும் எழுந்துவிட்டார். அக்கா, நான் போனை எடுத்து அம்மா கையிலேயே கொடுக்கப்போ