அப்டி யாரும் இங்க இல்லீங்க

என்னங்க,

கேம்ப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நெல்லிவாசல்நாட்டில் உங்கள் அப்பா வீட்டுக்கு வந்து பதினோரு நாளாகிறது. எல்லைக்குக் கிளம்பும்போது நீங்கள் சொன்னதுபோல் இங்கே அமைதிதான். சின்னவள் சைரன் சத்தத்தை மறந்துவிட்டாள். பாறைமேல் ஏறி நின்றாலும் உங்கள் போன் மட்டும் வருவதில்லை. மழையால் இருக்கும்.

நேற்று ஜீப்பில் யூனிஃபார்மோடு இரண்டு பேர் வந்து, உங்கள் பெயரைச் சொல்லி வீட்டை விசாரித்தார்களாம். யூனிஃபார்மைக் கண்டாலே, செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆளைப் பிடித்துப் போவார்கள் என்று இங்கே பயம். பக்கத்து வீட்டுச் செவ்வந்தி நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்து, "அப்டி யாரும் இங்க இல்லீங்க" என்று அனுப்பிவிட்டாள்.

"பச்சை ட்ரெஸ், அண்ணி. தொப்பியக் கழட்டி கையிலயே வச்சினு இருந்தாங்க. அண்ணன் இன்னா தப்பு பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலியே" என்றேன். அதற்குமேல் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

நாளைக்கும் வருவார்களாம். வந்தால் அதையே சொல்லச் சொல்லியிருக்கிறேன். தபால்காரர் உங்கள் கையெழுத்தில் கடிதம் கொண்டுவந்தால் மட்டும் வீட்டைக் காட்டுவாள்.

உடனே எழுதுங்கள்.

சின்னவளின் அம்மா