இரண்டு துணிக்கொடிகள்

ஹாலோவே குடா,
தெற்கு ஆஸ்திரேலியா.
மார்ச் 21, சனிக்கிழமை காலை.

அன்புள்ள டீகன்,

அம்மா எழுதுகிறேன். பெர்த்தில் நீயும், உன் ஆஸ்பத்திரி வேலையும், பால்கனியில் நீ பாடுபட்டு வளர்க்கும் அந்த எலுமிச்சைச் செடியும் சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார். நேற்றுக்கூட என் சமையலறைக் கதவைத் தட்டி, தக்காளி சாஸ் இரவல் வாங்கிக்கொண்டு போனார். பாட்டில் இன்னும் திரும்பி வரவில்லை.

ஜனவரியில் நான் போனில் விவாகரத்து விஷயத்தைச் சொன்னபோது "சரிம்மா" என்ற ஒரே சொல்லோடு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் உனக்கு டியூட்டி. ஒரு நர்ஸை இப்படி வேலை வாங்கினால், நோயாளிக்கு முன்னால் நர்ஸ்தான் கட்டிலில் படுப்பாள். போனை எடுக்காமல் இருக்க உன்னால் முடியும். ஆனால் கையில் கிடைத்த கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க முடியாது, உன் குணம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவாகரத்தை நினைத்து எனக்குக் கவலை இல்லை. இத்தனை நாள் மறைத்தார்களே என்ற கோபத்தில் நீ இந்த வீட்டுப் பக்கமே வராமல் போய்விடுவாயோ என்பது ஒன்றுதான் என் கவலை. மற்றதெல்லாம் சிரிக்கிற கதை. கேள்.

நூலகத்துப் பின்னறையில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் புதன்கிழமை இலவச சட்ட உதவிக்கு ஒரு வக்கீல் வருகிறாள். லின் என்று பெயர். உன் வயதுதான் இருக்கும். முதல் தடவை போனபோது நான் வெறுங்கையோடு போகவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் உன் அப்பா செய்த குற்றங்களை எல்லாம் நம்பர் போட்டு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனேன். சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுக்குள் போடும் இரை மீனை என் ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்தது ஒன்பதாவது. என் அக்காவின் கல்யாணத்துக்கு ரப்பர் பூட்ஸோடு வந்தது இருபத்திரண்டாவது. மொத்தம் அறுபத்து மூன்று. நீதிபதி படிப்பார், தலையை ஆட்டுவார், எனக்கு நியாயம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

லின் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். இரண்டு இடத்தில் சிரிப்பை அடக்கினாள். பிறகு மூடி என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கோர்ட்டு இதைக் கேக்கவே கேக்காது. யார் மேல தப்புன்னு எழுத மனுவுல இடமே கிடையாது. பன்னெண்டு மாசமா பிரிஞ்சு இருக்கீங்களா, இனிமே சேர்ந்து வாழ வழியில்லையா, அவ்வளவுதான் கேள்வி" என்றாள்.

எனக்கு எவ்வளவு ஏமாற்றம் தெரியுமா? அறுபத்து மூன்றும் வீண்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காருக்குள் அந்த மனுவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த சிக்கல் நாங்கள் பிரிந்திருந்த லட்சணம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூலையில் உன் அப்பா கட்டிலைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் இருக்கும் படகுக் கொட்டகைக்குப் போனார். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். ஆனால் முகவரி ஒன்று, கேட் ஒன்று, தபால் பெட்டி ஒன்று. ஒரே இடத்தில் இருந்துகொண்டு பிரிந்து வாழ்ந்தோம் என்றால், அதை நேரில் கண்ட வேறொருவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமாம். சமையல் யாருக்கு யார், துணி யார் துவைக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போவதுண்டா என்று லின் கேட்டுக்கொண்டே போனாள். சனிக்கிழமை தோறும் மைதானத்து வேலியோரம் அதே பைன் மரத்தடியில் ஒரே வண்டியில் உட்கார்ந்து ஃபுட்டி என்கிற நம் ஊர்க் கால்பந்து ஆட்டம் பார்த்தோம், நம் டீம் கோல் போட்டால் சேர்ந்து ஹாரன் அடித்தோம் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

"இப்போ தெரிஞ்சவங்க ஒருத்தராவது வேணுமே!"

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட்டால் இவ்வளவு பாடு இல்லை. உன் அப்பாதான் மாட்டேன் என்றார். கையெழுத்துப் போட்டால் தான் மோசமான புருஷன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அவராக ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆக, மனு நான் மட்டும் போட்டது.

சாட்சிக்கு யாரைப் பிடிப்பது என்று தயங்கித் தயங்கிப் பக்கத்து வீட்டு வெர்னிடம் போனேன். நம் மைதானத்தில் இருபது வருஷமாகக் கோல் கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்று, கோலா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற மனிதர். சொந்தத் தம்பி அடித்த பந்தையே கோல் இல்லை என்று கையை விரித்தவர். மெல்ல ஆரம்பித்து, எங்களுக்குள் ஒரு விஷயம் என்றேன்.

"டெஸ் கொட்டகைக்குக் குடிபோன விஷயம்தானே? ஜூலையிலேயே தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? உன் துணி கொல்லை நடுவுல கம்பத்துல சுத்துற கொடியில தொங்குது. அவன் துணி கொட்டகை ஓரமா மீன் கயித்துல தொங்குது. ரெண்டு வீட்டுத் துணின்னு குருடனுக்குக்கூடத் தெரியும். ஊரே உங்களுக்காகத் தெரியாத மாதிரி நடிச்சுது. நீங்க ஹாரன் அடிக்கிறப்போ எங்களுக்குப் பாவமா இருக்கும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

இதற்கு நடுவில் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். மனுவின் நகலை நானே ஒரு தட்டு ஸ்கோன் பலகாரத்தோடு எடுத்துப் போய் உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். லின் தலையில் கை வைத்துக்கொண்டாள். மனுப் போட்டவர் தன் கையால் நேரில் கொடுத்தால் செல்லாதாம், வேறு ஆள்தான் கொடுக்க வேண்டுமாம். அவர் ஸ்கோனைச் சாப்பிட்டுவிட்டார், காகிதத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் வெர்ன் கொட்டகைக்குப் போய்க் கொடுத்தார். கொடுத்து முடித்ததும் வேலிக்கு மேலே இரண்டு ஆள்காட்டி விரலையும் நீட்டி எனக்குக் கோல் என்று காட்டினார்.

அன்று சாயங்காலம் உன் அப்பா காகிதத்தோடு வந்தார். நான்கு தடவை படித்தாராம். "என் மேல தப்புன்னு எங்கயும் போடலையே?" என்றார். எழுத இடமே இல்லை என்றேன். "முதல்லயே சொல்லியிருந்தா நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனே" என்றார். அறுபத்து நான்காவது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, பத்தாம் தேதி, கோர்ட்டில் உத்தரவு ஆகிவிட்டது. நாங்கள் போகவே இல்லை, அவசியமும் இல்லை. ஒரு மாசமும் ஒரு நாளும் கழித்து அது அமலுக்கு வரும். வீடும் படகும் தனிப் பேச்சு. வாயால் பேசிக்கொண்டால் போதாது, அதையும் எழுதிக் கோர்ட்டில் பதிய வேண்டும், ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று லின் மூன்று தடவை சொல்லிவிட்டாள். வீடு எனக்கு, படகு அவருக்கு. படகுத்துறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு வீடு பார்த்தாயிற்று. உன் அறை உன் அறையாகவே இருக்கிறது.

இனிமேல்தான் விஷயம், டீகன். இந்தப் புதன்கிழமை லின் எல்லாக் காகிதங்களையும் கட்டாகக் கையில் கொடுத்தாள். அதில் வெர்ன் சத்தியம் செய்து எழுதிய பத்திரமும் இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாரோ என்ற வெட்கத்தில் அதுவரை நான் படிக்கவில்லை. அன்றுதான் படித்தேன். வெர்ன் ஒன்றையும் விடுகிறவர் இல்லையே. ஐந்தாவது பத்தியில் உன் பெயர் இருந்தது.

நாங்கள் பிரிந்த அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது, துணி எடுக்கக் கூடையோடு கொல்லைக்குப் போனாயாம். இரண்டு கொடிக்கும் நடுவில் வெகுநேரம் நின்றாயாம். வேலியோரம் இருந்த அவரிடம் "எவ்வளவு நாளா?" என்று கேட்டாயாம். அவர் உண்மையைச் சொன்னாராம். விருந்தாளிகள் வருவதற்குள் நீ அப்பாவின் சட்டைகளை மீன் கயிற்றிலிருந்து எடுத்து, என் துணிகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக மாட்டினாயாம். "எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று அவரைக் கேட்டுக்கொண்டாயாம்.

அந்தச் சட்டைகளுக்காக நான் உன் அப்பாவோடு ஒரு வாரம் சண்டை போட்டேன். என் கொடியில் உங்கள் சட்டைக்கு என்ன வேலை என்று கத்தினேன். நான் போடவே இல்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் நம்பவில்லை. நோட்டில் நாற்பத்தேழாவது குற்றம் அதுதான். புதன்கிழமை அதை அடித்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பாவிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். அவரும் பத்திரத்தை வாங்கிப் படித்தார். மூக்கைச் சிந்திக்கொண்டு வலையைப் பார்க்கப் போனார்.

உனக்காக நாங்கள் மறைத்தோம். எங்களுக்காக நீ மறைத்தாய். நாங்களாவது பேசிக்கொள்ள ஒருவருக்கொருவர் இருந்தோம். நீ தனியாகச் சுமந்தாய். என்னை மன்னித்துவிடு, கண்ணே.

ஏப்ரல் 11 சனிக்கிழமை விவாகரத்து அமலுக்கு வருகிறது. அன்றைக்குத்தான் இந்த வருஷத்தின் முதல் ஆட்டமும். இந்த முறை பைன் மரத்தடியில் இரண்டு வண்டி நிற்கும். அப்பாவுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. எந்த வண்டியில் உட்காருவது என்று நீ யோசிக்க வேண்டாம். ஒரு மடக்கு நாற்காலி போடுகிற அளவுக்கு நடுவில் இடம் விட்டு நிறுத்துவதாக நாங்கள் பேசிவைத்திருக்கிறோம். கோர்ட்டுக்குப் போகாமல் நாங்கள் செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் அது.

முடிந்தால் வா. வரும்போது அழுக்குத் துணியையும் அள்ளிக்கொண்டு வா. எந்தக் கொடியில் வேண்டுமானாலும் காயப் போடு, இனி யாருடைய சட்டையையும் நீ மாற்றிப் போட வேண்டியதில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அம்மா,
நெரிடா