நாடாவில் இல்லாத உன் குரல்

என் செல்ல அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. இப்போது இங்கிலீஷிலும் இந்த ஊர்ப் பெயரைச் சென்னை என்றே மாற்றிவிட்டார்கள். உன் மகள் நித்யாவுக்கு ஐந்து வயது. போன மாதம் மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். டீக்கடை ரேடியோவில் ஒரு பெண் செய்தி வாசித்தாள். "மாமா, எங்கம்மா இப்படியா பேசுவாங்க?" என்று கேட்டாள். இதைவிட நன்றாகப் பேசுவாள், வானொலி நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தைரியம் நீ கொடுத்ததுதான். நந்தனம் வீட்டில் டேப் ரிக்கார்டரை உன் முன்னால் வைத்தபோதெல்லாம் தள்ளிவிடுவாயே. பதினெட்டு வருஷமாகக் கச்சேரிகளுக்கு நான்தானே அறிவிப்பு, என் குரல் வானொலி நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது, இந்த ஓட்டை டப்பா எதற்கு என்பாய். நம்பினேன்.

இப்போது நிலையத்தில் பழைய ஒலிநாடாக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். நாட்டின் சொத்தாம், அழியவிடக் கூடாதாம். உன் சிநேகிதி சரோஜா மேடம்தான் அதைக் கவனிக்கிறார். போய் நின்றேன். காபி வரவழைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டார். ஏழு நாடா கேட்டேன். அறிவிப்பே இல்லாமல் எடுத்த எடுப்பில் தம்பூரா. ஒன்றிலும் நீ இல்லை.

யார் வெட்டியது என்று சத்தம் போட்டேன். மறு ஒலிபரப்புக்குப் பழைய தேதி சொல்லும் அறிவிப்பு ஆகாது, பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டு அலமாரியில் வைப்பதுதான் வழக்கம் என்றார். பிறகு, "வெட்டினது உங்க அக்காதான் தம்பி. அவங்க பேசினதை அவங்களேதான் வெட்டுவாங்க. வேற யாரையும் கைவைக்க விடமாட்டாங்க" என்றார்.

உன் குரலை நீயே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பத்திரமாக இருக்கிறது என்று எப்படி அக்கா சொன்னாய்? பாட்டு இருந்தால் போதும், நீ எதற்கு என்று நினைத்தாயா? ஊரார் குரலையெல்லாம் காப்பாற்றி வைத்தவளுக்கு, நான் கேட்டது மட்டும் காதில் விழவில்லையா? வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

நேற்று நித்யா, எப்போது போகலாம் என்று கேட்டாள். கிடைக்கவில்லை என்றேன். "தொலைஞ்சிடுச்சா மாமா?" என்றாள். ஆமாம் என்றேன். அம்மாவே வெட்டிவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். இந்தக் கடிதம் ஒருநாள் அவள் கையில் கிடைக்கும். அன்று அவளே உன்னோடு சண்டை போட்டுக்கொள்ளட்டும். அதுவரை உன்னை அவளிடம் விட்டுக்கொடுக்க மாட்டேன். இது சத்தியம். ஆனால் நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

கோபம் ஆறாத உன் தம்பி,
ரகு