ரெண்டு மணி நேரம்னு சொன்னேனே, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

நாளையோட நீ போய் ஒரு வருஷம். "உங்க நைனா படையலுக்கு வஞ்சிரம் வாங்கணும், வௌவால் மீனும் வாங்கணும்"னு அம்மா காலையிலேயே ஆரம்பிச்சிட்டா. நல்லாத்தான் இருக்கா. என்னைத் திட்டற அளவுக்குத் தெம்பு இருக்கு.

நான் ஒண்ணு ஒத்துக்கணும். பம்பாய்க்குக் கிளம்பின அன்னிக்கு, "அம்மாந் தூரம் போறியே, எனக்கு ஒண்ணுன்னா எப்படிடா வருவே?"ன்னு கேட்டே. "விமானத்துல ரெண்டு மணி நேரம் நைனா. தந்தி குடு, வந்து நிப்பேன்"னு அடிச்சி விட்டேன். விமானத்தை நான் அண்ணாந்து பார்த்ததோட சரி. நீ நம்பினதோட விட்டியா? வலை பிரிக்கிறவன், மீன் கூடை தூக்கறவ, மகாபலிபுரத்துக்குச் சிலை பார்க்க வந்த வெள்ளைக்காரன் வரைக்கும் ஒருத்தரை விடாம சொல்லி வச்சிருக்கே.

போன வருஷம் ஒரு நாள் விடிகாலையில உன் மூச்சு நின்னுச்சு. தபாலாபீசு தொறந்ததும் தந்தி அடிச்சிட்டு, மதியத்துக்குள்ள பிள்ளை வந்துடுவான்னு குப்பமே கணக்குப் போட்டுச்சாம். தந்தி வந்து சேர்ற நேரத்தை யாரும் சேர்க்கல. நானே சேர்க்கல, அவங்களைச் சொல்லி என்ன? தந்தி பம்பாயில என் ரூமுக்கு வந்தப்போ நான் துறைமுகத்துல வேலையில இருந்தேன். கையில கிடைச்சது சாயங்காலம். அடுத்த நாள் காலை விமானத்துலதான் இடம் கிடைச்சுது.

குப்பத்துல பொணம் கிடந்தா ஒரு கட்டுமரமும் தண்ணியில இறங்காது, உனக்குத் தெரியாததா? கானாங்கெளுத்தி மீன் கூட்டம் கூட்டமா ஓடின சமயம் அது. பக்கத்துக் குப்பத்துக்காரங்க கண்ணெதிரே அள்ளிகினு போனாங்க. நம்ம ஆளுங்க மணல்ல ஒக்காந்திருந்தாங்க. சாயங்காலம் சில பேர், "எடுத்துடலாம், இன்னும் எம்மா நேரம்?"னு கேட்டாங்களாம். அப்ப எழுந்தது யாரு தெரியுமா? கோவிந்தசாமி மாமா. வலைத் தகராறுல மூணு வருஷமா உன்கிட்ட பேசாத அதே மனுசன். "வருவான்னு அண்ணாத்த சொல்லிகினு இருந்தாரு. வருவான். ஒக்காருங்க"ன்னு சொல்லிட்டு, மீனுக்கு வாங்கி வச்சிருந்த ஐஸை அவரே ஒடைச்சி உன்னைச் சுத்திப் போட்டாராம்.

விமானம் ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே மீனம்பாக்கத்துல இறக்கிடுச்சு, நைனா. அதுல நான் பொய் சொல்லல. செங்கல்பட்டுலதான் நிக்கறேன், நிக்கறேன், நம்மூர் பஸ்ஸைக் காணோம். குப்பத்துல கால் வச்சப்போ ரெண்டாவது நாள் சாயங்காலம். கரை நெடுகக் கட்டுமரம் காஞ்சிகினு கிடந்துது.

ஏன் லேட்டுன்னு யாரும் ஒரு வார்த்தை கேக்கல. மாமா மட்டும் என் கையைப் புடிச்சி, "இன்னாடா, வந்துட்டியா? போ, மொகத்தப் பாரு"ன்னாரு. உன் நெத்தி சில்லுன்னு இருந்துச்சு. உனக்காக அழுதேன். வெக்கத்துலயும் அழுதேன்.

அந்த ரெண்டு மணி நேரத்தை நீ நிஜமாவே நம்பினியா? இல்ல, நம்பாமலே ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தியா?

இப்ப எனக்குக் கல்பாக்கத்துல வேலை. வீட்டுக்கு சைக்கிள்ல ஒரு மணி நேரம், எதிர்காத்து அடிச்சா இன்னும் கால் மணி. அம்மாகிட்ட ஒண்ணரை மணி நேரம்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் அவளைக் காக்க வைக்க மாட்டேன், நைனா.

உன் பெரிய மவன்,
செல்வம்