புலி எங்கே, மச்சி?

என்னை ஒருநாளும் வெல்ல விடாத என் மச்சி ஹாஜராவுக்கு, ஸலாம்.

பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி தமிழ் டீச்சர் கேட்டார். மாரி மழையைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மழை இரண்டு வரிக்குமேல் பெய்யவில்லை. உன் பெயரை எழுதியதும் பேனை ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே இது உனக்கு. மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த சிலவற்றை அவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். நீ பொறுத்துக்கொள். பொறுமை உனக்கு எப்போதும் இருந்தது, எனக்குத்தான் இல்லை.

நீ என் வாப்பாவின் தங்கையான மாமியின் மகள். மருதமுனையில் உங்கள் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. நாம் பெரிய பிள்ளைகளானபோது, நம்மோடு படித்தவர்கள் பலர் வீட்டோடு நின்றுவிட்டார்கள். நம்மை மட்டும் கல்முனைப் பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து அனுப்பினார்கள். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து, உங்கள் வீட்டுத் திரை கட்டிய மாட்டுக் கரத்தையில் போய்வர வேண்டும். தனியாக ஒருத்தியை யாரும் அனுப்பமாட்டார்கள். நீ இருந்ததால் நான் படித்தேன். நான் இருந்ததால் நீ படித்தாய்.

பின்னேரங்களில் உங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையில் கரியால் கோடு கீறி நாயும் புலியும் ஆடுவோம். புளியங்கொட்டைகள்தான் நாய்கள். புள்ளி போட்ட ஒரு சோகிச் சிப்பி புலி. ஒரு நாய்க்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால், புலி அதைத் தாண்டிப் பாய்ந்து தின்னும். பின்னால் இன்னொரு நாய் நின்றால் புலியால் ஒன்றும் செய்ய ஏலாது. எல்லா நாய்களும் சேர்ந்து புலியை அசையவிடாமல் அடைத்துவிட்டால் நாய்களுக்கு வெற்றி. ஆட்டம் அவ்வளவுதான்.

நான் வீட்டில் தனியாக இருந்து, எந்த நாயை எங்கே வைத்தால் புலி எங்கே போகும் என்று கணக்குப் பாடம்போலப் பாடமாக்கிக்கொண்டு வருவேன். நீ ஒன்றையும் யோசிக்காதவள்போலக் கச்சான் கொறித்துக்கொண்டு இருப்பாய். கடைசியில் நீதான் வெல்வாய். ஒருநாள் அழுகை வந்து, எப்படி என்று கேட்டேன். நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"நீ தரையப் பாக்கிறாய் புள்ள. நான் உன்ட கையப் பாக்கிறன். நீ பயப்படுற இடத்துக்குக் கிட்டப் போனா உன்ட கை நிண்டுபோகும்."

எனக்குக் கோபம் வந்தது. இது ஆட்டமா, களவா என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

நெருப்புக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எல்லோருக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது.

உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. உன் வீட்டுக் கரத்தை வரவில்லை. நான் கேட்டபோது, "தனியப் போக ஏலாது புள்ள. இனி வீட்டில இருந்து படி" என்று வாப்பா தறியைவிட்டு முகத்தை எடுக்காமலே சொன்னார். வீட்டில் இருந்து எதைப் படிப்பது? கணக்கை யார் சொல்லித் தருவது? உம்மா என் பக்கம்தான். ஆனாலும் வாப்பாவிடம் கதைக்க அவருக்குத் துணிவில்லை.

நான் என்ன செய்திருப்பேன் என்று நீ ஊகித்திருப்பாய். விவாதப் போட்டிக்குப்போல ஆயத்தம் செய்தேன். கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை, நான் வகுப்பில் முதலாவது, எங்கள் ஊரிலும் ஒரு பெண் டீச்சர் வரவேண்டாமா என்றெல்லாம் அடுக்கினேன். வாப்பா முழுவதையும் கேட்டார். பிறகு, "நல்லாக் கதைக்கிறாய். மாப்பிள்ளை பாவம்" என்றார். உம்மாகூடச் சிரித்துவிட்டார். என் நாய்களையெல்லாம் புலி தின்று முடித்துவிட்டது.

அன்று பின்னேரம் நூல் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் நீ கையைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. நான் வாப்பாவிடம் சொல்லவேண்டியதை மட்டுமே பார்த்திருந்தேன். வாப்பாவைப் பார்க்கவில்லை.

அதனால் தறிக்குப் பக்கத்தில் போய் இருந்து, சும்மா கதைப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஊர்ச் சனம் என்ன கதைக்கும் என்றேன். தறியில் நாடா அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு எங்காவது கலியாணம் பேசுகிறீர்களா என்றேன். தறிச் சத்தம் மாறவில்லை. பாண்டிருப்பு ரோட்டில் பஸ் அதிகமாகிவிட்டதாம் என்றேன். அப்போதும் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

"மாமி வீட்டுக் கரத்தை சும்மா கிடக்காம் வாப்பா" என்றேன்.

தறி நின்றது.

வாப்பா அறுந்த நூலைத் தேடுவதுபோலக் குனிந்தார். நூல் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. குனிந்தபடியே மெல்லச் சொன்னார். "என்ட புள்ள தங்கச்சிட கரத்தையில ஏறிப் போற. அவள் வாசல்ல நிண்டு பாக்கிற. நான் எப்பிடிப் புள்ள அவள்ட மூஞ்சியப் பாக்கிற?"

அப்போதுதான், மச்சி, எனக்கு விளங்கியது. வாப்பா சில நாட்களாகப் பள்ளிவாசலுக்கு உங்கள் ஒழுங்கையால் போவதில்லை. சுற்றிப் போகிறார். நான் வாப்பாவைப் புலி என்று நினைத்து நாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவரோ தன் தங்கையின் கண்ணுக்குப் பயந்து ஒளிந்து திரிந்தார். அப்படியானால் புலி யார்? இன்னும் எனக்குத் தெரியவில்லை. எல்லா ஆட்டத்திலும் புலி ஒன்று இருக்கத்தான் வேண்டுமா?

மறுநாள் மாமியிடம் போனேன். கேட்கவேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் எல்லாம் மறந்துபோனது. தரை கழுவியிருந்தது. நாம் கரியால் கீறிய கோடு மட்டும் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் படாமல், அதைச் சுற்றிச் சுற்றிக் கழுவியிருக்கிறார் மாமி.

மாமி என் கண் போன இடத்தைப் பார்த்தார். "குந்து" என்றார். சிரட்டையில் கிடந்த புளியங்கொட்டைகளைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு சோகியை என் முன்னால் வைத்தார். மாமி ஆடுவதை நீயாவது கண்டிருக்கிறாயா? நான் கண்டதில்லை. வாசற்படியில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டு நம்மைப் பார்ப்பார், அவ்வளவுதான். அன்று ஒரு கொட்டையைக்கூட அவசரப்பட்டு வைக்கவில்லை. நான் தின்பதற்கு ஒரு நாயை வேண்டுமென்றே விட்டார். அந்த ஆசையில் பாய்ந்தேன். அடுத்த கொஞ்ச நேரத்தில் என் புலிக்கு அசைய இடமில்லை.

"புலிய வெச்சிக்கிட்டு இப்பிடிப் பயப்படுற ஒருத்திய நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றார். உன் மௌத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பின் சாயலைக் கண்டது அப்போதுதான். அந்தச் சாயலைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கரத்தையைப் பற்றிக் கேட்கக் கூடாது, படிப்புப் போனாலும் போகட்டும் என்று முடிவு செய்து எழும்பினேன்.

"எங்க போறாய்? கேக்க வந்ததக் கேக்காம?"

"ஒண்டுமில்ல மாமி. சும்மாதான் வந்த."

"வாய் சும்மா எண்டு சொல்லுது. கை முந்தானைய முறுக்குது."

கள்ளி! இத்தனை வருடமும் அது நீ கண்டுபிடித்த வித்தை என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கே இருந்து வந்தது என்று ஒரு சொல் சொன்னாயா?

நான் அழுதேன். வாப்பா சொன்னதைச் சொல்லிவிட்டேன். மாமி அழவில்லை. கொட்டைகளைச் சிரட்டைக்குள் போட்டபடி இருந்தார். மாமி வாப்பாவைக் காக்கா என்றுதான் சொல்வார். "காக்கா இந்த ஒழுங்கையால வாறத விட்டுட்டார். நான் என்ன, அவர்ட புள்ளைக்குக் கண்ணூறு போடுவனா? புள்ளையும் போய், காக்காவும் ஒளிச்சா எனக்கு ஆரு இருக்கா?" என்றார். பிறகு என்னை அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் எங்கள் வாசல் கடப்படியில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையை விலக்கிக்கொண்டு, நீ இருக்கும் பக்கத்தில் மாமி இருந்தார். மடியில் உன் குடை.

"ஏறு புள்ள. ஒருத்தி மட்டும் இருந்தா கரத்தை ஒரு பக்கம் சரியும்."

வாப்பா தறியை விட்டு வந்து கடப்படியில் நின்றார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார், போட்டார், மறுபடியும் எடுத்தார். மாமிதான் முதலில் வாய் திறந்தார். "காக்கா, வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆக்கு என்ட வீட்டடியால போங்க. தேத்தண்ணி ஊத்தி வெக்கிறன்."

"ஓம்" என்றார் வாப்பா. என் புத்தகக் கட்டை வாங்கி, தானே கரத்தைக்குள் வைத்தார்.

உன்னை அடக்கிய மையவாடியின் மதில் வந்தபோது மாமி உன் பக்கத்துத் திரையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். உள்ளே என்ன தெரியும்? மதிலும் மதிலுக்கு மேலே பூவரசங் கிளையும்தான். ஆனாலும் மதில் முடியும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பாண்டிருப்புக் கோயில் தாண்டியதும், "பள்ளிக்கூடத்தில என்ன படிச்சுக் குடுக்கிற?" என்று கேட்டார். கல்முனை போகும்வரை சொல்லிக்கொண்டு போனேன்.

இப்போதும் மாமி வருகிறார். என்னைப் பள்ளிக்கூடப் படலையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய், பின்னேரம் மறுபடியும் வருகிறார். வாப்பா வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கிறார். ஆட்டத்தில் நான் இன்னும் ஒருதரமும் வெல்லவில்லை. மாமியும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

இதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை மட்டும் வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன். எந்த வரி என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

இனி ஒரு வாக்கு. நம் வகுப்பில் இருந்த ஸபியா வீட்டோடு நிற்கிறாள், கூடப்போக ஆள் இல்லை என்று. அவளுடைய வாப்பாவும் தறிக்காரர். வருகிற கிழமை மாமியும் நானும் அவர் வீட்டுக்குப் போகிறோம். இந்தமுறை ஒன்றும் பாடமாக்கிக்கொண்டு போகமாட்டேன். தறிக்குப் பக்கத்தில் இருந்து, எந்தச் சொல்லுக்குச் சத்தம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். கரத்தையில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. அவளை நடுவில் வைத்து நெருக்கிக்கொண்டு இருப்போம்.

உன்னிடம் தோற்றே படித்த,
உன் மாமா மகள், மச்சி
மர்யம்