ஓடாத தாளம்

மார்ச் 4, துலூத்

புது பேண்டின் முதல் ஆல்பம். இன்று பதிவு தொடங்கியது. ஹெட்போனில் தாளம் காட்டும் மெட்ரோனோம் டிக் டிக்கென்று அடிக்க, ட்ரிஸ்டா அதோடு ஒட்டி டிரம்ஸ் வாசிக்கிறாள். மயிரிழை பிசகவில்லை. ஒரே நாளில் மூன்று பாட்டு முடிந்தது. நான் சந்தோஷப்பட வேண்டியவன்.

மார்ச் 9

இன்று 'ஏரிப்பனி'. பழைய பேண்டில் நானும் ஆர்லோவும் சேர்ந்து கட்டிய பாட்டு. பல்லவி வந்தால் போதும், டிரம்ஸில் ஆர்லோ தாளத்தை மிஞ்சி வேகமாக ஓட ஆரம்பித்துவிடுவான். கூட்டமும் கூடவே குதிக்கும். எனக்குத்தான் பொறுக்காது. போன வருஷம் மேடையில், மைக்கிலேயே, "இவனுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியாது" என்றேன். ஜனம் சிரித்தது. அவன் குச்சிகளை டிரம் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனான். பதினொரு வருஷ பேண்ட் அன்றோடு சரி.

மார்ச் 10

பாட்டு செத்துக் கிடக்கிறது. எட்டு முறை எடுத்தோம். ட்ரிஸ்டா ஹெட்போனைக் கழற்றினாள்.

"ரஸ், நான் தப்பா வாசிக்கல. உனக்கு வேண்டியது நான் இல்ல. இந்த ஒரு பாட்டுக்கு அந்த ஆளைக் கூப்பிடு. எனக்கொண்ணும் கோபமில்ல."

என்ன பெரிய மனசு அவளுக்கு! எனக்குத்தான் இல்லை.

மார்ச் 13

போனை எடுத்தேன். வைத்தேன். சிரிப்பானோ? சிரிக்கட்டுமே — ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கும்படி நான் பண்ணலையா?

மார்ச் 17

கூப்பிடவில்லை.

மார்ச் 21

இசைத்தட்டு அச்சடிக்க எல்லாவற்றையும் அனுப்பியாயிற்று. இனி மாற்ற முடியாது. ஏன்டா இப்படிப் பண்ணே? ஒரு போன்தானே!

ஜூன் 14

ஆல்பம் வெளிவந்தது. மத்தியானம் ரெக்கார்டு கடையில் நாலு பாட்டு வாசித்தோம். பிறகு மேஜை போட்டுக் கையெழுத்து. வரிசையில் ஆர்லோ நின்றான். சற்றுப் பெருத்திருக்கிறான்.

"ரேடியோவுல 'ஏரிப்பனி' கேட்டேன்டா. ஒரு இடத்துலகூட ஓடல."

குத்தலா, பாராட்டா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

"அன்னிக்கு மைக்ல நான் சொன்னது —"

"விடுடா."

"இல்ல, கேளு. இந்தப் பாட்டுக்கு நீதான் வாசிக்கணும்னு இருந்துச்சு. மார்ச்ல பத்து நாள் போனைக் கையில வெச்சுக்கிட்டே சுத்தினேன்."



"மார்ச்லயா?" என்றான். "டிரம்ஸை ஏப்ரல்லதான்டா வித்தேன்."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவன் தட்டின் உறையை என் முன்னால் வைத்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.