கூட்டி எரித்த சருகு

வெள்ளிக்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு, இரவு.

வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் வளவு வெறும் மணல். ஈரம் நிற்கட்டும் என்று மிளகாய்க் கன்றுகளின் அடியில் வேப்பஞ்சருகு பரப்பி வைத்திருந்தேன். மகளைக் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகன், காலையில் நான் சந்தைக்குப் போன நேரம் அத்தனையையும் கூட்டி எரித்துவிட்டார்.

"மாமா, வளவெல்லாம் துப்புரவாக்கிட்டன்," என்றார் சிரித்துக்கொண்டு.

"ஆரு உங்களக் கூட்டச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

சருகு எதற்கென்று நான் அவருக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. மதியம் ஜும்ஆ தொழுகைக்குப் போனவர் திரும்பவில்லை. தன் உம்மா வீட்டில் இருக்கிறாராம்.

"சருகுக்கா வாப்பா இந்தப் பேச்சு?" என்று மகள் கேட்டாள்.

வேம்பு நாளைக்கும் உதிர்க்கும். அவருக்குப் போட்ட சோற்றை மகள் இன்னும் மூடியே வைத்திருக்கிறாள்.